செவிலியர் சீருடையும் தலைமுக்காடும்: வரலாறு நமக்குச் சொல்வது

 

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் மத்ரஸாவுக்கு வரும் பெற்றோர் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், பெண்பிள்ளையை நர்ஸிங் படிப்பில் சேர்க்கலாமா?" என்பதே அது. சேர்க்கலாம் என்று கூறினால் அடுத்த கேள்வி உடனே வரும். "அங்கே முக்காட்டை எடுக்கச் சொல்வார்களே, கையை முழங்கை வரை திறக்கச் சொல்வார்களே, அதற்கு என்ன செய்வது?" கட்டணத்தைக் குறித்தோ, படிப்பின் கடினத்தைக் குறித்தோ அவர்கள் அஞ்சுவதில்லை. உடையைக் குறித்தே அஞ்சுகின்றார்கள்.

உழவர்கரையில் வாழும் நமக்கு இது தொலைதூரத்துப் பிரச்சினை அன்று. கோரிமேட்டில் ஜிப்மரும், கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் நம் நகராட்சி எல்லையிலேயே அமைந்துள்ளன. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் நாள்தோறும் இங்கு வந்து இறங்குகின்றனர். அவர்களில் நம் தாய்மார்களும் சகோதரிகளும் இருக்கின்றனர்.

செவிலியர் மரபான சீருடையையே அணிய வேண்டும் என்று ஒரு சாரார் வாதிடுகின்றனர். நம்முடைய மரபான உடையை விட்டுக்கொடுக்க இயலாது என்று மற்றொரு சாரார் வாதிடுகின்றனர். இரு சாராரும் 'மரபு' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பதால், அந்த மரபு எங்கிருந்து வந்தது, எவ்வாறெல்லாம் மாறி வந்திருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம்.

மதீனாப் பள்ளிவாசலில் ஒரு கூடாரம்

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போர் நிகழ்ந்தபோது, அன்ஸாரிகளின் தலைவர்களில் ஒருவரான ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு தைத்து இரத்தம் பெருகியது. அவர்களை அருகிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொருட்டுப் பெருமானார் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் ஒரு கூடாரத்தில் தங்கச் செய்தார்கள். அந்தக் கூடாரத்தில் காயம்பட்டோருக்கு மருந்திட்டவர் அஸ்லம் குலத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி என ஸீரா நூல்கள் கூறுகின்றன. இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் 'அல்அதபுல் முஃப்ரத்' நூலிலும் அவர் பெயர் இடம்பெற்றுள்ளது.

ருஃபைதா (ரலி) ஒருவர் மட்டும் இப்பணியில் இருக்கவில்லை. உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் பெருமானாருடன் ஏழு போர்களுக்குச் சென்று, உணவு சமைத்ததையும் காயம்பட்டோருக்கு மருந்திட்டதையும் நோயுற்றோரைப் பராமரித்ததையும் தாமே அறிவித்துள்ளார்கள். ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களும் போர்க்களத்தில் தண்ணீர் புகட்டியதையும் காயங்களுக்குச் சிகிச்சை செய்ததையும் அறிவித்துள்ளார்கள். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டின் கைபர் போருக்கும் இப்பணிக்காகப் பெண்கள் சென்றனர்.

இந்தப் பெண்மணிகளுக்கெனத் தனிச் சீருடை எதுவும் இருக்கவில்லை. ஈமான் கொண்ட பெண்கள் அன்றாடம் அணிந்த கண்ணியமான உடையே அவர்களுடைய பணியுடையாகவும் இருந்தது. அந்த உடை பணிக்குத் தடையாக நிற்கவில்லை. பணியும் அவர்களுடைய கண்ணியத்துக்குக் குறைவாகக் கருதப்படவில்லை. ருபய்யிஉ (ரலி) அவர்களின் அறிவிப்பை விளக்கும் இடத்தில், தேவை ஏற்படும்போது பெண் அந்நிய ஆணுக்கு மருத்துவம் செய்யலாம் என்பதற்கு அதில் ஆதாரம் இருப்பதாக இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள்.

பிற்காலத்தில் முஸ்லிம் நகரங்களில் 'பீமாரிஸ்தான்' என்ற பெயரால் பெரிய மருத்துவமனைகள் எழுந்தன. 1154இல் டமாஸ்கஸில் நூருத்தீன் (ரஹ்) அவர்கள் நிறுவியதும், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவியதும் அவற்றுள் புகழ்பெற்றவை. கெய்ரோ மருத்துவமனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. பராமரிப்புக்கு ஆண் பணியாளர்களும் பெண் பணியாளர்களும் அமர்த்தப்பட்டனர். செலவு முழுவதையும் வக்ஃபு சொத்துகளின் வருமானம் ஏற்றது. நோயாளிப் பெண்ணின் வெட்கத்தைக் காக்க வேண்டுமானால் அங்கே பெண் பணியாளர் இருந்தாக வேண்டும் என்பதை அக்காலச் சமுதாயம் உணர்ந்திருந்தது.

'சிஸ்டர்' என்ற அழைப்பின் பின்னணி

இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் செவிலியரை எல்லோரும் 'சிஸ்டர்' என்றே அழைக்கின்றோம். இந்துவும் அழைக்கிறார், முஸ்லிமும் அழைக்கிறார். அச்சொல் கிறிஸ்தவக் கன்னியர் மடங்களிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக நோயாளிகளைப் பராமரித்தவர்களில் பெரும் பங்கினர் கன்னியர்களே. உடல் முழுவதையும் மூடிய நீண்ட அங்கியும், தலையை மறைக்கும் திரையும் அவர்களின் உடை. 1836இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் ஃப்ளீட்னர் என்ற பாதிரியார் பெண்களுக்குப் பயிற்சி தரும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அங்கும் தலையை மூடிய தொப்பி உடையின் ஒரு பகுதியாக இருந்தது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1851இல் பயிற்சி பெற்றது அந்நிலையத்தில்தான்.

1854இல் கிரிமியப் போரின்போது நைட்டிங்கேல் 38 பெண்களுடன் இஸ்தான்புல் சென்றார். அவர்கள் பணியாற்றிய உஸ்குதார் மருத்துவமனை, உஸ்மானிய சுல்தானின் அரசு ஆங்கிலேயருக்கு ஒதுக்கிக் கொடுத்த படைவீரர் குடியிருப்பு ஆகும். அந்தக் குழுவில் ஊதியம் பெறும் செவிலியரும் இருந்தனர், கன்னியரும் இருந்தனர். ஊதியச் செவிலியருக்குச் சாம்பல் நிற முரட்டுத் துணியில் அங்கியும், தொப்பியும், மருத்துவமனையின் பெயர் தைக்கப்பட்ட தோள்பட்டியும் வழங்கப்பட்டன. கன்னியரோ தத்தம் மடத்து உடையிலேயே பணி செய்தனர். நவீன செவிலியத்தின் தொடக்கமாக உலகம் போற்றும் அந்த வார்டிலேயே ஒருவகை உடை மட்டும் இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

நைட்டிங்கேல் 1860இல் லண்டனில் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய பிறகு, செவிலியர் சீருடை உலகெங்கும் பரவியது. கிருமிகளே நோய்க்குக் காரணம் என்ற அறிவு வலுப்பெற்றதும், அழுக்கு உடனே கண்ணில் படும் வெள்ளை நிறம் மருத்துவமனையின் நிறமாயிற்று. கன்னியரின் தலைத்திரை சுருங்கிச் சுருங்கி, இறுதியில் கஞ்சி போட்ட சிறிய வெள்ளைத் தொப்பியாக நின்றது. முடியை மறைக்கும் வேலையை அது விட்டு நெடுநாளாகியும், அடையாளமாக மட்டும் தலையில் இருந்தது. பிறகு அந்தத் தொப்பியால் சுகாதாரப் பயன் இல்லை என்று மேலை நாடுகளிலேயே 1970களிலிருந்து அதைக் கைவிடத் தொடங்கினர். நம் நாட்டில் கவுனும் தொப்பியும் இருந்த இடத்தில் வெள்ளைப் புடவை வந்தது. புடவை இருந்த பல இடங்களில் இப்போது சல்வாரும் மேலங்கியும் வந்துள்ளன. எனவே 'மரபான சீருடை' என்று எதைச் சுட்டினாலும், அது அதற்கு முந்தைய மரபு ஒன்றை மாற்றிவிட்டு வந்ததாகவே இருக்கிறது.

போர்க்களத் தொண்டின் சின்னமும் இவ்வாறே மாற்றம் கண்டது. 1876இல் ரஷ்யாவுடன் போர் மூளும் வேளையில், செஞ்சிலுவை தம் படைவீரரின் உணர்வுக்கு ஒவ்வாது என்று கூறி உஸ்மானிய அரசு செம்பிறையை ஏற்றது. 1929இல் ஜெனீவா உடன்படிக்கையே அதை அங்கீகரித்தது. சிலுவை பிறையாக மாறியதால் காயம்பட்டவருக்குக் கட்டும் கட்டு மாறிவிடவில்லை. அந்தச் செம்பிறையின் கீழ் உருவான முதல் தலைமுறைத் துருக்கிச் செவிலியரில் ஸஃபிய்யே ஹுசைன் என்ற முஸ்லிம் பெண்மணி, முதல் உலகப் போரில் மருத்துவமனைக் கப்பலில் பணியாற்றிப் புகழ் பெற்றார்.

புதுச்சேரியின் நினைவுகள்

நம் புதுச்சேரியிலும் இந்த வரலாற்றின் தடங்கள் உள்ளன. ஆன்-மரி ஜவூஹே என்ற பிரெஞ்சுப் பெண்மணி நிறுவிய குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1827இல் புதுச்சேரிக்கு வந்தனர். கல்வியும் நோயாளர் சேவையும் அச்சபையின் பணிகள். அச்சபையின் பெயரில் ஒரு மருத்துவமனை இன்றும் நகரில் உண்டு. பிரெஞ்சு ஆட்சி 1823இல் இங்கே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. ஜிப்மர் தன் வேரை அங்கிருந்தே கணக்கிடுகிறது. 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி, 1964இல் ஜிப்மர், 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்று அது வளர்ந்தது.

தலையை முழுவதும் மூடிய கன்னியர் இவ்வூரில் நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்த காலம் ஒன்று இருந்தது. தலையை மூடியிருப்பதால் ஒரு பெண்ணால் செவிலியப் பணி செய்ய இயலாது என்று அப்போது எவரும் கூறவில்லை.

அதே நேரத்தில், நம் பக்கத்து மரபையும் நேர்மையுடன் பார்க்க வேண்டும். காரைக்கால், நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் நம் பாட்டிமார் வெளியே செல்லும்போது புடவையின் மேல் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திச் சென்றனர். இன்று அந்தத் தெருக்களில் கறுப்புப் புர்காவே பெரும்பாலும் காணப்படுகிறது. இரண்டு தலைமுறைக்குள் நிறமும் மாறியது, தையலும் மாறியது. துப்பட்டி போர்த்திய பாட்டிக்கு மார்க்கம் தெரியாது என்று நாம் எவரும் கூறமாட்டோம். மறைக்க வேண்டியதை மறைத்தல் என்ற கட்டளை மாறாதது. அதை நிறைவேற்றும் துணியின் நிறமும் வடிவமும் காலத்துக்கும் ஊருக்கும் ஏற்ப மாறியே வந்துள்ளன. துப்பட்டி மாறியதை ஏற்றுக்கொண்ட நமக்கு, மருத்துவமனைக்கு ஏற்ற வேறொரு வடிவத்தைச் சிந்திப்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

திண்டிவனத்தில் ஓர் இரவு

நம் ஊரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது திண்டிவனம். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஓர் இரவு, அங்கே இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் ஒருவரின் வீட்டுக்கு மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறொரு சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடரிடம் உதவி கேட்டனர். அவரோ மருத்துவம் அறியாத இளம்பெண். தம் தந்தை வருவார் என்று அவர் கூறியபோது, அந்நிய ஆண் தம் மனைவியைப் பார்க்கக்கூடாது என்று கூறி மூவரும் திரும்பிச் சென்றனர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோயினர்.

அந்த இரவே ஐடா ஸ்கடரை மருத்துவம் படிக்க வைத்தது. 1900இல் மருத்துவராகத் திரும்பிய அவர் வேலூரில் மருத்துவமனையை எழுப்பினார். 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்றைய சி.எம்.சி.

அந்த மூன்று வீடுகளில் ஒன்று நம் வீடு என்பதை நாம் மறக்கலாகாது. உயிருக்கு ஆபத்து நேரும்போது ஆண் மருத்துவர் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை என்பது ஒரு செய்தி. ஆயினும் பெண்ணைப் பார்க்கப் பெண் வேண்டும் என்று விரும்பிய சமுதாயம், அந்தப் பெண்ணை உருவாக்காமல் இருந்தது என்பது அதைவிடக் கசப்பான செய்தி. இன்றும் நம் வீட்டுப் பிரசவத்துக்கு லேடி டாக்டர் வேண்டும், ஊசி போடப் பெண் நர்ஸ் வேண்டும் என்று கேட்கின்றோம். நம் மகளை அந்தப் படிப்புக்கு அனுப்புவது என்று வரும்போது பின்வாங்குகின்றோம். பிறர் வீட்டுப் பெண்கள் செய்யும் சேவையைப் பெற்றுக்கொண்டு, நம் வீட்டுப் பெண்ணுக்கு அது தகாது என்று எண்ணுவது நீதியாகுமா?

பிரான்ஸின் தீர்ப்பும் நம் உறவினரும்

1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பு அளிக்கப்பட்டது. அதனால் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்ஸில் உறவினர் உண்டு. அங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் செவிலியம் படித்தால், அரசு மருத்துவமனையில் பணி நேரத்தில் தலைமுக்காடு அணிய இயலாது. அரசுப் பணியாளர் தம் மதத்தைப் பணியில் வெளிப்படுத்தக்கூடாது என்பது அந்நாட்டின் சட்டநிலை.

நாந்தேர் மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருந்த இப்ராஹிமியான் என்ற பெண்மணி முக்காட்டைக் களைய மறுத்தார். 2000ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வழக்கு ஸ்திராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. 2015 நவம்பர் 26 அன்று அந்நீதிமன்றம், அவருடைய மத உரிமை மீறப்படவில்லை என்று தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பு நமக்கு வேதனை அளிக்கிறது. எனினும் அதன் வேரையும் அறிந்துகொள்வது நியாயம். பிரான்ஸ் இந்த விதியை முதலில் தன் சொந்த மதத்தின் மீதே செலுத்தியது. பூர்ன்வீல் என்ற மருத்துவர் முன்னின்று, 1878 முதல் பாரிஸ் நகர மருத்துவமனைகளில் சாதாரணப் பெண்களுக்குச் செவிலியப் பயிற்சி அளித்தார். கன்னியர் படிப்படியாக விலக்கப்பட்டனர். 1908இல் ஒத்தேல்-தியூ மருத்துவமனையிலிருந்தும் கன்னியர் வெளியேறினர். அந்நாட்டுக் கன்னியர் 1827இல் நம் ஊருக்கு வந்து மடத்து உடையிலேயே சேவை செய்ததையும், எண்பது ஆண்டுகளில் அவ்வுடை பாரிஸ் வார்டுகளை விட்டு அகற்றப்பட்டதையும் சேர்த்துப் பார்க்கும்போது, மருத்துவமனை உடையை மருத்துவம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பது விளங்கும். அந்நாட்டின் அரசியலும் தீர்மானிக்கிறது.

சிங்கப்பூர் எடுத்த முடிவு

தமிழ் முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழும் சிங்கப்பூரில் வேறொரு வழி திறந்தது. அங்கும் பொது மருத்துவமனைச் செவிலியர் பணி நேரத்தில் முக்காடு அணிய அனுமதி இருக்கவில்லை. சீருடை எல்லோரையும் சமமாகக் காட்டுகிறது, நோயாளி தமக்குச் சேவை செய்பவரை மதம் பார்த்துப் பிரித்துவிடக்கூடாது என்பது அரசின் வாதம். பல ஆண்டுகளாக முஸ்லிம் சமுதாயம் அமைதியாக இக்கோரிக்கையை முன்வைத்து வந்தது. சமய ஆசிரியர்களுடன் அரசு பேச்சுகள் நடத்தியது. 2021 ஆகஸ்ட் 29 அன்று தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் முக்காட்டுக்கு அனுமதியை அறிவித்தார். அவ்வாண்டு நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தொற்றுத் தடுப்பு விதிகளும் பாதுகாப்பு விதிகளும் முன்போலவே எல்லோருக்கும் தொடர்ந்தன.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கோரிக்கை எழுந்தபோது தெருவில் கூச்சல் எழவில்லை. பணியைப் புறக்கணித்து நோயாளியைத் தவிக்கவிடவில்லை. கொரோனாக் காலத்தின் கடும் நாட்களில் முஸ்லிம் செவிலியர் முக்காடு இல்லாத சீருடையிலும் தம் கடமையை விடாமல் செய்தனர். அனுமதி அதற்குப் பின்பே வந்தது.

நோயாளியின் உரிமை எங்கே தொடங்குகிறது?

முக்காட்டைவிடச் சிக்கலானது கையின் விஷயம். 2007இல் பிரிட்டன் சுகாதாரத் துறை, நோயாளியைத் தொடும் பணியாளர் முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக்கூடாது என்று அறிவுறுத்தியது. நீண்ட கைத்துணியின் நுனி நோயாளியின் புண்ணிலும் படுக்கையிலும் படுகிறது. கடிகாரமும் மோதிரமும் வளையலும் கையைச் சரியாகக் கழுவ விடுவதில்லை. முஸ்லிம் பெண் பணியாளர்கள் இதில் தமக்குள்ள சங்கடத்தை எடுத்துரைத்தனர். 2010இல் வெளியான திருத்தப்பட்ட வழிகாட்டுதல், ஒருமுறை அணிந்து எறியும் கையுறைக்குழாய்களைப் பயன்படுத்த வழி வகுத்தது. கையைக் கழுவிய பின் அணிந்து, ஒரு நோயாளியிடம் வேலை முடிந்ததும் கழற்றி எறிய வேண்டும்.

2019 டிசம்பரில் இங்கிலாந்தின் டெர்பி மருத்துவமனை, ஆபரேஷன் தியேட்டருக்குள் அணிவதற்கான தூய்மைப்படுத்தப்பட்ட ஒருமுறை முக்காட்டை அறிமுகம் செய்தது. இதை முன்மொழிந்தவர் ஃபரா ரோஸ்லான் என்ற மலேசிய முஸ்லிம் மருத்துவர். நாள் முழுவதும் அணிந்திருந்த துணியுடன் தியேட்டருக்குள் செல்வது சரியா என்ற கேள்வி அவருடைய உள்ளத்திலேயே எழுந்தது. நோயாளியின் நலனையும் தம் மார்க்கத்தையும் ஒன்றாக நினைத்த ஒருவரிடமிருந்து அத்தீர்வு பிறந்தது.

நமக்கு அருகில், 2023 ஜூன் மாதம் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஏழு முஸ்லிம் மாணவியர், தியேட்டருக்குள் நீண்ட கை கொண்ட அங்கியும் தலையை மூடும் அறுவைக் குல்லாவும் அணிய அனுமதி கேட்டு முதல்வருக்குக் கடிதம் எழுதினர். முழங்கை வரை கழுவியாக வேண்டிய நடைமுறையை முதல்வர் விளக்கினார். குழு அமைத்து ஆராய்வதாகவும் கூறினார். அந்தக் கடிதம் வெளியே கசிந்து, படிப்பின் விஷயம் சில நாட்களில் அரசியல் விஷயமாக்கப்பட்டது. கேட்ட கேள்விக்கு அமைதியான பதில் கிடைக்கும் வாய்ப்பு குறைந்துபோனது.

மார்க்கமும் அரசியல் சாசனமும்

தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது மார்க்கத்தின் அடிப்படை விதி. நம் உடையால் ஒரு நோயாளிக்குக் கிருமி தொற்றுமானால், அது அவருக்கு நாம் செய்யும் தீங்கு. நோயாளி நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஓர் உயிரை வாழவைப்பது மனிதர் யாவரையும் வாழவைப்பது போன்றது என்ற கருத்தை அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தில் அல்லாஹ் நமக்குக் கற்பிக்கின்றான்.

நிர்ப்பந்தம் தடையைத் தளர்த்தும், ஆயினும் தேவையின் அளவுக்கே தளர்த்தும் என்பது ஃபிக்ஹின் மற்றொரு விதி. கை கழுவும் நேரத்திலும் சிகிச்சை நேரத்திலும் முழங்கை வரை திறப்பது தேவையின் அளவு. அந்நேரம் கடந்ததும் மூடிக்கொள்வது கடமை. வேலையின்போது பெண்ணின் முன்கை வெளிப்படுவது குறித்து இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் பெயரால் சலுகை ஒன்று ஹனஃபீ நூல்களில் பதிவாகியுள்ளது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் குடும்பங்கள் தம் ஊர் ஆலிம்களிடம் விளக்கம் பெற்றுக்கொள்வது நன்று.

தலையின் விஷயம் இதனினும் எளிது. அறுவை அரங்கில் ஆண், பெண் அனைவருமே முடியை மறைக்கின்றனர். கொரோனாக் காலத்தில் தலை முதல் கால் வரை மூடிய உடையில் எல்லாச் சமயத்தவரும் ஒன்றுபோலவே நின்றனர். எனவே முடியை மறைப்பது மருத்துவத்துக்கு எதிரானது என்று எவரும் வாதிட இயலாது. தொங்கும் நுனி, துவைக்காத துணி, குத்தும் ஊசி ஆகியவையே ஆட்சேபத்துக்கு உரியவை. அவற்றை நாமே தவிர்க்கலாம்.

நம் அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு மதச் சுதந்திரத்தை வழங்குகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டே வழங்குகிறது. சுகாதாரம் என்ற அச்சொல் இந்தப் பிரச்சினைக்கென்றே எழுதப்பட்டது போல் இருக்கிறது. சுகாதாரம் கேட்பதை நாம் கொடுக்க வேண்டும். சுகாதாரம் கேட்காததை வழக்கத்தின் பெயரால் கேட்கும்போது, அதற்கான காரணத்தைக் கண்ணியமாக வினவும் உரிமை நமக்கு உண்டு. மருத்துவமனை நிர்வாகங்களும் தம் விதிகளில் எது நோயாளியைக் காக்கிறது, எது வெறும் பழக்கம் என்று பிரித்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளன.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, கல்லூரியில் சேர்க்கும் முன்பே சீருடை விதிகளைப் பெற்றோர் கேட்டறிய வேண்டும். வகுப்பறை, வார்டு, தியேட்டர் ஆகிய மூன்றுக்கும் விதிகள் வேறுபடலாம். சேர்ந்த பிறகு வாசலில் நின்று வாக்குவாதம் செய்வதைவிட, சேரும் முன் அமைதியாகக் கேட்பது பிள்ளைக்கு நல்லது.

இரண்டாவதாக, கோரிக்கை எழுப்பும்போது தீர்வையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். சீருடையின் நிறத்திலேயே சிறிய முக்காடு, நுனி மேலங்கிக்குள் செருகப்பட்டதாக, நாள்தோறும் துவைத்து மாற்றப்படுவதாக இருக்கலாம். தியேட்டரில் கழுத்து வரை மூடும் ஒருமுறைக் குல்லாவைக் கேட்கலாம். மோதிரமும் வளையலும் நாமே கழற்றிவிட வேண்டியவை.

மூன்றாவதாக, ஜமாஅத்தார் இதைப் போராட்டப் பொருளாக்காமல், நிர்வாகத்திடம் நேரில் பேச வேண்டும். நம் பிள்ளைகளின் நற்பணியே நம் தரப்பின் வலுவான வாதமாக இருக்கட்டும்.

நான்காவதாக, ஒரு நிறுவனம் இணங்காவிட்டால் இணங்கும் வேறொன்றைத் தேட வேண்டும். ஒரு வாசல் மூடியிருக்கிறது என்பதற்காகப் படிப்பையே விட்டுவிடுவது பொருந்தாது. சமுதாயத்துக்குத் தேவையான பெண் செவிலியரை உருவாக்குவது ஃபர்ளு கிஃபாயா. போதிய அளவில் சிலர் செய்தால் மற்றவர் பொறுப்பு நீங்கும். எவருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகளாவோம்.

ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரம் பள்ளிவாசலுக்குள்ளேயே இருந்தது. தொழும் இடமும் காயத்துக்கு மருந்திடும் இடமும் அங்கே அருகருகே இருந்தன. நம் பெண்மக்களும் ஹயாவைக் காத்துக்கொண்டு நோயாளிகளின் துயர் துடைப்பவர்களாக வளர வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. இரவு பகலாக அவர்களைப் பராமரிக்கும் எல்லாச் சமயச் செவிலியருக்கும் நற்கூலியையும் நேர்வழியையும் வழங்குவானாக. ஆமீன்.